படையை எங்கே நிறுத்துவது?

செமஸ்டர் லீவுல 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' விளையாடினேன். 2003-இல் டேவிட் வைட் தொடங்கிய இலவச வியூக விளையாட்டு இது. அறுகோணக் கட்டங்களில் இரு தரப்பும் மாறி மாறிப் படை நகர்த்த வேண்டும். மூன்று சுற்று என்னோடு வந்த ஈட்டி வீரனை, "எல்லாரும் முன்னேறு" என்று ஆற்றில் இறக்கினேன். அன்று இரவே ஓர்க் படை அவனை முடித்துவிட்டது. உயிரோடு இருந்தால் 20 தங்கம் கொடுத்து அடுத்த சுற்றுக்கு அழைக்கலாம். இறந்தவன் திரும்ப மாட்டான். எங்கே தப்பு பண்ணினேன்?

1. நிலமும் நேரமும்

ஈட்டி வீரன் மேல் அடி விழும் வாய்ப்பு கோட்டையில் 40%, சமவெளியில் 60%, ஆழமில்லாத நீரில் 80%. ஓர்க் சாதாரண வாள் வீரன் இரண்டு முறை வீசுவான். ஒரு வீச்சுக்கு 9 சேதம். இரவில் ஓர்க்குகளுக்கு 25% கூடும், பகலில் 25% குறையும். அதாவது இரவில் 11, பகலில் 7.

கணக்குப் போடுவோம்:
பகல், கோட்டை: 2 × 7 × 0.4 = 5.6
இரவு, ஆறு: 2 × 11 × 0.8 = 17.6

அதே வீரன், அதே எதிரி. ஆனா சராசரி சேதம் மூன்று மடங்கு! அவனுடைய மொத்த உயிர்ப்புள்ளியே 36தான்.

2. வரிசை

ஒரு கட்டத்துக்கு ஆறு பக்கம். நேர்வரிசையில் இரு பக்கமும் நம் ஆள் நின்றால், முன்னாலிருந்து இரண்டு எதிரிகள் மட்டுமே அடிக்க முடியும். தனியாக முன்னே ஓடினால் ஆறு பேர் சூழலாம்.

ஆள் குறைவா? இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக விடலாம். வீரனை ஒட்டிய கட்டத்தில் நுழையும் எதிரி பெரும்பாலும் அங்கேயே நிற்க வேண்டும். ஊடுருவி ஓட முடியாது. ஆனா பக்கவாட்டு அடி கூடும், கவனம்.

3. கட்டளை வரிசை

முதலில் காயம்பட்டவரைப் பின்வாங்கச் சொல்லுங்கள். கிராமத்தில் நின்றால் 8 புள்ளி குணமாகும். அந்த இடத்தை முழு பலமுள்ளவர் அடைக்கட்டும். அடுத்து வில்லாளிகள். ஓர்க் வாள் வீரனிடம் வில் இல்லை, திருப்பி அடிக்க மாட்டான். கடைசியில்தான் ஈட்டியும் வாளும்.

போன வருஷ அன்னதானத்துல சமையல், பரிமாறுதல், கணக்கு மூன்றுக்கும் ஒரே அக்காவைத்தான் போட்டோம். நல்லா செய்வாங்கன்னுதான். அடுத்த நிகழ்ச்சிக்கு அவங்க வரல. யாருமே அவங்களைப் பின்வாங்கச் சொல்லல.

யோசிக்க: உங்க குழுவில் இப்போ ஆற்றில் நிற்பது யார்? அந்த இடத்தை யார் அடைக்கலாம்?