சீதனமும் அதன் வரலாறும்

நாம் இருக்கும் கதிரை, உடுப்பு வைக்கும் அலுமாரி ஆகியவை போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். கந்தோர் என்பது ஒல்லாந்தர் தந்த சொல். ஆண்டவர்கள் போய்விட்டாலும் அவர்கள் காலத்தின் தடம் மக்கள் வாழ்வில் நின்றுவிடுகின்றது. அத்தடம் சொற்களில் மட்டுமன்றி, கலியாணம், காணி, உரிமை என்பவற்றிலும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சீதன வழக்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களை எழுதி 1707இல் ஒப்படைத்தார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். இதுவே தேசவழமை.

முற்காலத்தில் தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றதென்று தேசவழமை கூறுகின்றது. கணவனும் மனைவியும் சேர்ந்து தேடிய தேட்டம் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது. ஆயின், போர்த்துக்கேயர் காலத்தில் இம்முறை மாறி, இருவர் சொத்திலிருந்தும் வேறுபாடின்றி மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்ததென்றும் அதுவே சொல்கின்றது. ஆகவே, 1707இல் எழுதப்பட்ட "பழைய வழக்கம்" அதற்கு முன்னரே மாறிவிட்ட ஒன்று என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் ஆங்கிலேயர் 1806இல் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தனர். காலத்துக்கேற்ப நெகிழ்ந்து வந்த வழக்கம் நீதிமன்றத்துச் சட்டமாயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியின் சொத்து அவளுக்கே உரியது என்றது. ஆனால் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென்றும் விதித்தது. உறுதியில் அவள் பெயர். முடிவில் அவன் கை.

சட்டத்தோடு மனப்பாங்கும் மாறியது. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் மதிப்புப் பெற்றபோது உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனம் ஏறியது. 1983இன் பின்னர் பலர் கடல் கடந்து சென்றபோது வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மவுசு வந்தது. பெண்ணின் பெயரில் எழுதப்படும் காணிக்குப் புறம்பாக, "டொனேசன்" என்று மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குக் காசும் போகின்றது.

மகளுக்குப் பாதுகாப்பான சொந்தச் சொத்து எங்கே? மாப்பிள்ளைக்கு விலை எங்கே? இரண்டும் ஒன்றல்ல. "இது எங்கள் பரம்பரை வழக்கம், மாற்ற முடியாது" என்று சொல்லி, கடன்பட்டும் இருந்த வீட்டை ஈடுவைத்தும் கலியாணம் முடிக்கும் பெற்றோர் ஒன்றை உணரவேண்டும். அவ்வழக்கம் ஒருபோதும் மாறாமல் இருந்ததில்லை. ஆட்சிக்கும் உத்தியோகத்துக்கும் ஏற்ப மாறியது, நீதிக்கு ஏற்பவும் மாறலாம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் கொடுத்த, வாங்கிய சீதனம் இன்று யார் கையில் இருக்கின்றது?

2. கோவிலில் ஓலை வாசிக்குமுன் நடக்கும் பேச்சில் பெண்ணின் கருத்தைக் கேட்கின்றோமா?

3. மகன் உள்ள வீட்டார் "காசு வேண்டாம்" என்று முதலில் சொல்ல ஆயத்தமா?