கணிப்பொறிக்குத் தக்க மின்வழங்கி

கணிப்பொறி வாங்குகிறவர்கள் அதன் வேகம் என்ன, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் விசாரிப்பது வழக்கம். இவ்வுறுப்புகள் அனைத்திற்கும் மின்சாரம் ஊட்டும் பெட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. கடைக்காரர்கள் 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று அழைக்கும் அப்பெட்டியை இக்கட்டுரையில் மின்வழங்கி என்று குறிப்பிடுவோம். பழைய கணிப்பொறியில் புதிய உறுப்புகளைச் சேர்த்து அதன் திறனை உயர்த்த விரும்புகிறவர் முதலில் ஆராய வேண்டியது இதுவே ஆகும்.

மும்பை நகரில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழர்களுக்கும் இது பயன்படும் விஷயமாகும். அலுவலகங்கள் கழித்துவிட்ட கணிப்பொறியை மலிவாக வாங்கி, கிராண்ட் ரோடு நிலையத்திற்கு அருகிலுள்ள லேமிங்டன் ரோடு கடைகளில் வேண்டிய உறுப்புகளைத் தேடிச் சேர்த்து, பிள்ளைகளின் படிப்புக்கோ தம் தொழிலுக்கோ ஏற்றவாறு அமைத்துக்கொள்வோர் பலர் உண்டு. பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது. தரமற்ற மின்வழங்கி பழுதுறும்போது தான் மட்டும் கெடுவதில்லை; அழுத்தம் மிகுந்த மின்சாரத்தை மற்ற உறுப்புகளுக்குள் செலுத்தி அவற்றையும் பாழாக்கிவிடக்கூடும். சில நூறு ரூபாய் சிக்கனத்தால் முழு இயந்திரமும், அதில் சேர்த்துவைத்த வேலையும் அழிந்துபோக இடமுண்டு.

கணிப்பொறியின் மின்தேவை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறியில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றையும் சூடேற்றியே இயக்க வேண்டியிருந்தது. பின்னர் டிரான்சிஸ்டர்கள் வந்து மின்தேவையைப் பெரிதும் குறைத்தன. 1981-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக் கணிப்பொறியின் மின்வழங்கி 63.5 வாட் திறனுடையது. இன்றோ, படங்களைத் தீட்டிக் காட்டும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றே அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை உட்கொள்ளுகிறது. ஆகையால் பழைய பெட்டியில் புதிய அட்டையைப் பொருத்துமுன் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

மின்வழங்கி செய்யும் வேலை

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் அழுத்தமும், விநாடிக்கு 50 சுழற்சிகளும் உடைய மாறுமின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் அமைந்த நேர்மின்னோட்டம். மின்வழங்கி முதலில் மாறுமின்னோட்டத்தைச் சுமார் 325 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமாக்குகிறது. பிறகு அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. இவ்வாறு விரைந்து துடிக்கும் மின்னோட்டத்திற்குச் சிறிய மின்மாற்றியே போதுமானது. பெட்டி கைக்கடக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மின்மாற்றியில் அழுத்தம் தாழ்ந்த பின், மின்னோட்டம் மீண்டும் நேராக்கப்பட்டு, மின்தேக்கிகளால் சமன்செய்யப்படுகிறது. வேலைப்பளு ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட் என்பது 11.4-க்குக் குறையாமலும் 12.6-க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவ்வரம்பைக் காப்பதே நல்ல மின்வழங்கியின் இலக்கணம்.

தேவையைக் கணக்கிடும் முறை

ஓர் உதாரணம் காண்போம். ஒரு மாணவர் இன்டெல் ஐ5-12400 செயலியும், என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையும் கொண்ட கணிப்பொறியை அமைக்கிறார் என்று கொள்வோம். செயலி உச்சநிலையில் 117 வாட் கொள்ளும். அட்டைக்கு 170 வாட் வேண்டும். தாய்ப்பலகை, நினைவகம், தட்டு, விசிறிகள் ஆகியவற்றுக்கு 60 வாட் ஒதுக்கலாம். ஆக மொத்தம் 347 வாட்.

இதனால் 350 வாட் பெட்டி போதும் என்று முடிவு செய்தல் தவறு. கிராஃபிக்ஸ் அட்டை ஒரே சீராக மின்சாரம் கொள்வதில்லை. விநாடியின் மிகச் சிறு பகுதிக்குள் அதன் தேவை சராசரியைவிட வெகுவாக உயர்ந்து தாழும். இதனைக் கருதியே 2022-ல் வெளிவந்த 'ஏ.டி.எக்ஸ். 3.0' என்னும் விதிமுறை, உயர்திறன் மின்வழங்கிகள் தம் அளவைப்போல் இரு மடங்குவரை எழும் கணநேரப் பளுவைத் தாங்க வேண்டும் என்று வகுத்தது. ஆகவே கூட்டுத்தொகையுடன் ஏறத்தாழ அதில் பாதியைச் சேர்த்துக்கொள்வது நலம். நம் உதாரணத்தில் அது 520 வாட் ஆகிறது. கடையில் கிடைப்பவற்றுள் 550 வாட் பெட்டி பொருத்தமானது. அட்டையைச் செய்தவர்கள் பரிந்துரைக்கும் அளவும் இதுவே.

பெரிய பெட்டி வாங்கினால் மின்கட்டணம் அந்த அளவுக்கு ஏறிவிடும் எனச் சிலர் அஞ்சுகின்றனர். 1,000 வாட் என்பது பெட்டி கொடுக்கக்கூடிய உச்ச அளவேயன்றி, எப்பொழுதும் இழுக்கும் அளவு அன்று. ஆயினும் 60 வாட் மட்டுமே வேண்டிய ஓய்வு நேரத்தில் அத்தகைய பெரும்பெட்டி திறமை குன்றி இயங்கும்; விலையும் வீண். தேவையறிந்து வாங்குவதே முறை.

பெயர்ச்சீட்டைப் படித்தல்

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாகாது. பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் ஒவ்வோர் அழுத்தத்திலும் எத்தனை ஆம்பியர் கிடைக்கும் என்று குறித்திருப்பார்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். இரண்டு பெட்டிகள், இரண்டிலும் '500' என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். அதாவது 192 வாட். மற்றொன்றில் 38 ஆம்பியர். அதாவது 456 வாட். செயலியும் கிராஃபிக்ஸ் அட்டையும் 12 வோல்ட் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. ஆதலின் முதற்பெட்டி நம் வேலைக்கு உதவாது.

உஷ்ண அளவும் கவனிக்கத்தக்கது. 25 பாகை செல்சியஸில் முழுத்திறன் தரும் பெட்டி 40 அல்லது 50 பாகையில் அதே திறனைத் தராமல் போகலாம். மே மாதத்து மும்பையில், காற்றோட்டமற்ற சிற்றறையில், கணிப்பொறியின் உட்புறம் 40 பாகையை எளிதில் தாண்டும். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் 85 பாகைக்கு உரியவையா, 105 பாகைக்கு உரியவையா என்பதையும் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்க்கலாம். உஷ்ணம் பத்துப் பாகை ஏறினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவிதி.

பயனும் விரயமும்

உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் வெளியே வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக விரயமாகிறது. 300 வாட் வேண்டிய கணிப்பொறிக்கு 80 சதவீதத் திறமையுள்ள பெட்டி 375 வாட் இழுக்கும். 90 சதவீதத் திறமையுள்ளது 333 வாட் இழுக்கும். வேறுபாடு 42 வாட். நாள்தோறும் ஐந்து மணி நேரம் அப்பளுவில் உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் 76 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என வைத்துக்கொண்டால் அது ஏறத்தாழ 600 ரூபாய். அறையில் சேரும் வெப்பமும் அந்த அளவுக்குக் குறையும்.

2004-ல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை இத்திறமையைக் குறிப்பதாகும். வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிகள் ஏற ஏற விரயம் குறையும். ஆனால் இம்முத்திரை திறமைக்கு மட்டுமே சான்று. மிகையழுத்தம், மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று, மிகை உஷ்ணம் ஆகியவற்றின்போது பெட்டி தானே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியே விசாரித்தறிய வேண்டும்.

பொருத்தம் பார்த்தல்

அலுவலகக் கணிப்பொறிகள் சிலவற்றில் மின்வழங்கியின் வடிவமும் இணைப்பு முனைகளும் பொதுவிதிக்கு மாறாக அமைந்திருக்கும். அவற்றில் கடைப்பெட்டி பொருந்தாது. ஆகையால் பழைய கணிப்பொறியை வாங்குவதற்கு முன்பே மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்ப்பலகையின் பொருத்துவாய் கிராஃபிக்ஸ் அட்டைக்கு 75 வாட் வரை தரும். ஆறு முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், எட்டு முனை இணைப்பு 150 வாட்டும் தரும். அட்டைக்கு வேண்டிய இணைப்பு பெட்டியிலேயே இருத்தல் வேண்டும். தட்டுகளுக்குரிய மெல்லிய கம்பியிலிருந்து மாற்றுமுனை வைத்து மின்சாரம் எடுத்தால் கம்பி சூடேறி உருகக்கூடும். கழற்றக்கூடிய கம்பிகளை ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவே கூடாது; முனைகள் ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளமைப்பு வேறுபடும்.

மின்தடையும் நிலத்தொடர்பும்

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் காலை மும்பை முழுவதும் மின்சாரம் நின்று மின்ரயில்களும் ஓடாமற்போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருந்தடை அரிது. கணநேரத் தடைகளோ எங்கும் நேரக்கூடியவை. நல்ல மின்வழங்கி சுமார் 16 மில்லி விநாடி வரை தன் மின்தேக்கியில் உள்ள சேமிப்பைக் கொண்டு சமாளிக்கும். அதற்குள் யு.பி.எஸ். பொறுப்பேற்றுக்கொள்ளுதல் வேண்டும். யு.பி.எஸ். வாங்கும்போது '600 வி.ஏ.' என்ற எண்ணை 600 வாட் என்று கொள்ளலாகாது. அத்தகையவை பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும்.

மின்வழங்கியின் மூன்றாவது முனை, எர்த் எனப்படும் நிலத்தொடர்புக்கு உரியது. அத்தொடர்பு இல்லாத இடத்தில் கணிப்பொறியின் உலோகக் கூட்டைத் தொட்டால் சுரீர் என்று உணர்வதுண்டு. பெட்டியின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் வழியே கசியும் மின்சாரம் செல்ல வழியின்றிக் கூட்டில் தங்குவதே காரணம். அக்கசிவு சிறிதே, ஆனால் உள்ளே கம்பியொன்று கூட்டைத் தொட்டுவிட்டால் நிலத்தொடர்பின்மை உயிருக்கே அபாயமாகும். நெருங்கிய குடியிருப்புகளில் ஒரே பலகையிலிருந்து பல இணைப்புகள் நீளுவதும் உண்டு. புதிய மின்வழங்கி வாங்குமுன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலத்தொடர்பைச் சோதித்துக்கொள்வது முதற்கடமை.

மின்வழங்கியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னரும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். செம்புக்காகப் பழைய பெட்டியை உடைப்பதும் அபாயமே. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்தில் அதனை ஒப்படைக்கலாம்.

கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், உறுப்புகளின் தேவையைக் கூட்டி அதில் பாதியைச் சேர்த்தல், 12 வோல்ட்டின் ஆம்பியரைப் பெருக்கிப் பார்த்தல், உஷ்ண அளவையும் பாதுகாப்புகளையும் விசாரித்தல், இணைப்பு முனைகளை ஒப்பிடுதல், வீட்டின் நிலத்தொடர்பைச் சோதித்தல் ஆகிய ஐந்தும் போதுமானவை. இவற்றுக்கு வேண்டியவை ஒரு தாளும் பென்சிலும் சிறிது பொறுமையுமே. கையிருப்பு குறைவாயின் அட்டையில் ஒரு படி இறங்கலாம். மின்வழங்கியின் தரத்தில் இறங்கலாகாது.