ஹெலிகாப்டர் ஏன் பொம்மையாகிறது?

கேள்வி: யெலஹங்கா ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் சூரியகிரண் ஜெட்கள் அருமையாகப் பதிவாயின. சாரங் ஹெலிகாப்டர்கள் மட்டும் கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல் நிற்கின்றனவே, ஏன்?
- வாசகர், ஓசூர்

பதில்: இரண்டுக்கும் ஒரே ஷட்டர் வேகத்தை வைத்திருப்பீர்கள். சூரியகிரணின் ஹாக் ஜெட்டில் வெளியே சுழலும் பாகம் எதுவும் இல்லை. 1/1000, 1/2000 என்று தாராளமாகப் போகலாம். சாரங்கின் துருவ் அப்படியல்ல. அதன் மேல் விசிறி நொடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை சுற்றுகிறது. 1/1000 நொடியில் ஒவ்வோர் இறக்கையும் இரண்டு டிகிரிகூட நகராது, உறைந்துபோகும். 1/125 வைத்தால் சுமார் 15 டிகிரி நகரும், சுழற்சி தெரியும். 1/60 இன்னும் அழகு, ஆனால் கை நடுங்கினால் ஹெலிகாப்டரே கலங்கிவிடும்.

புரொப்பெல்லர் விமானத்துக்கு 1/200 அளவில் தொடங்குங்கள்.

ஷட்டர் பிரியாரிட்டியில் வைத்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்பியபடி விமானத்தைப் பின்தொடருங்கள். கிளிக் செய்த பிறகும் கேமராவை நிறுத்த வேண்டாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பர்ஸ்டில் பத்து எடுத்தால் ஒன்று தேறும், அதுவே லாபம். அடுத்த ஷோவுக்கு முன் பழகுவதற்கு மீனம்பாக்கம், பெங்களூர் விமான நிலையங்களுக்குப் போக வேண்டாம், உங்கள் ஊர் நெடுஞ்சாலை பஸ்களிலேயே 1/125-ல் பழகிக்கொள்ளுங்கள்.