பத்தாவதோடு நின்ற பிள்ளைக்கு ஒரு பட்டறை

பத்தாம் வகுப்பில் படிப்பு நின்றுவிட்டதா? மில்லுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கருக்குச் சம்மதம் சொல்வதற்கு முன், பக்கத்து ஊரில் திருச்சபை நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்தில் மிஷனரி கேனன் மர்காஷிஸ் 1878-இல் தொழிற்பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே தென்மாவட்டங்களில் இந்த மரபு உண்டு. எல்லா மதத்துப் பிள்ளைகளும் சேரலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்றால் கட்டணச் சலுகை உண்டா, விடுதி உண்டா என்று ஃபாதரிடமோ சிஸ்டரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது சான்றிதழைப் பற்றி. ஒரே வளாகத்தில் அரசு அங்கீகாரம் பெற்ற ஐ.டி.ஐ. பிரிவும், நிலையமே சான்றிதழ் தரும் ஆறு மாதத் தையல், டூவீலர் மெக்கானிக் வகுப்புகளும் நடக்கலாம். சொந்தக் கடை வைக்க நிலையம் தரும் சான்றிதழ் போதும். ரயில்வே டெக்னீஷியன், மின்வாரியக் கள உதவியாளர் போன்ற வேலைகளுக்கு அது செல்லாது. அங்கீகாரம் நிலையத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ட்ரேடுக்கும் (தொழிற்பிரிவுக்கும்) தனித்தனியாகத் தரப்படுகிறது. ஆகவே, "என் பிள்ளை சேரும் ட்ரேடுக்கு அங்கீகாரம் இருக்கிறதா?" என்றே கேளுங்கள்.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்பு. வெல்டர், வயர்மேன் ட்ரேடுகளில் எட்டாவது முடித்தவர்களும் சேரலாம். வெல்டர் ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால், பத்தாவது தேறியவர்களுக்கு நான் இரண்டாண்டு ட்ரேடையே சொல்வேன். அதை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ், ஆங்கிலத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணைச் சான்றும் தமிழ்நாட்டில் கிடைக்கும். படிப்பு நின்றுபோனதாக நினைத்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வழி!

சேர்ந்த முதல் சில வாரங்கள்தான் சோதனை. ஃபிட்டர் மாணவன் கையில் முதலில் வருவது பெரிய மெஷின் இல்லை, அரம். வைஸில் இரும்புத் துண்டைக் கவ்வவைத்து நாளெல்லாம் ராவ வேண்டும். பிறகு ட்ரை ஸ்கொயரை விளிம்பில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இடையில் மயிரிழை ஒளி கசிந்தாலும் மீண்டும் அரம். உள்ளங்கை காய்த்துப்போகும். இந்தக் கட்டத்தில்தான் பிள்ளை வீட்டுக்கு ஓடிவரப் பார்ப்பான். கண்டிப்போடு பாசமும் உள்ள ஆசிரியர் இருக்கும் நிலையம் அவனை இங்கே தாங்கிப் பிடிக்கும். பெற்றோரும் தாங்க வேண்டும். நடவு, அறுப்பு, கோயில் கொடை என்று அடிக்கடி ஊருக்குக் கூப்பிடாதீர்கள். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

தம்பி, தங்கச்சி, படிப்பு முடிந்ததும் கிடைக்கிற முதல் சம்பளத்துக்கு ஓடிவிடாதீர்கள். உதவித்தொகையோடு தொழிற்சாலையில் அப்ரன்டிஸ் பயிற்சி பெறுங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். உட்பட பல இடங்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்களை எடுக்கிறார்கள்.

பெற்றோரே, சேர்க்கைக்கு முன் ஒரு வேலைநாளில் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். மெஷின்கள் ஓடுகின்றனவா, மாணவர்கள் கையில் கருவி இருக்கிறதா என்று கவனியுங்கள். மெஷின்கள் உறைபோட்டுக் கிடந்தால் வேறு நிலையத்தைத் தேடுங்கள்.