பிரேசிலியனா, பிரேசில்காரரா? அக்கா சொல்ற 7 டிப்ஸ்

தங்கச்சி, போன ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு ஸ்கூல் புராஜெக்ட்ல "பிரேசிலியன்கள் கால்பந்துப் பிரியர்கள்"னு எழுதிட்டு, "சரியா பெரியம்மா?"ன்னு கேட்டா. தப்புன்னு உடனே சொல்லிட்டேன். ஏன் தப்புன்னு புரிய வைக்கத்தான் நேரமாச்சு. எச்.வி.எஃப். தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படைன்னு எல்லா மாநிலத்து ஆளுங்களும் குடியிருக்கிற ஆவடி நம்மளுது. ஒரு ஊர்க்காரரை என்னன்னு சொல்றதுங்கிறது இங்கே தினமும் வர்ற விஷயம். அதனால எழுதியே தர்றேன்.

1. எழுத்துல 'பிரேசிலியர்', பேச்சுல 'பிரேசில்காரர்'

'பிரேசிலியன்' இங்கிலீஷ் சொல். அதைத் தமிழ்ல அப்படியே போட்டா, கடைசியில இருக்கிற 'ன்' நம்ம காதுல 'அவன்'னு விழும். வயசான ஒரு அம்மாவைக்கூட அந்த நாட்டுக்காரங்கங்கிறதுக்காக 'பிரேசிலியன்'னு எழுதிடுவோம். இந்தியர், ஜப்பானியர் மாதிரி 'பிரேசிலியர்'னு எழுது. பல பேர்னா 'பிரேசிலியர்கள்'. காபிக்கும் கால்பந்து அணிக்கும் முன்னாடி வெறும் 'பிரேசில்' போதும்.

2. 'காரர்'னு சொல்லக் கூசாதே

நம்ம 'காரர்' ரெண்டு வேலை பார்க்குது. பால்காரர்னா தொழில், திருநெல்வேலிக்காரர்னா ஊர். பிரேசில்ல பேசற போர்த்துகீசிய மொழியில 'எய்ரோ'ன்னு ஒரு விகுதி இருக்கு. ஆளுங்களைச் சொல்லும்போது அது பெரும்பாலும் தொழிலைத்தான் குறிக்கும். ரொட்டி சுடறவர் 'பதெய்ரோ', செருப்பு தைக்கிறவர் 'சபதெய்ரோ'. ஊர்ப் பேருக்கு வழக்கமா வேற விகுதிகள் வரும். ஆனா பிரேசில்காரர் தன்னை 'பிரசிலெய்ரோ'ன்னுதான் சொல்லிக்கறார். சிவப்புச் சாயம் எடுக்கிற பிரேசில் மரத்தை வெட்டி வித்தவங்களுக்கு இருந்த தொழில் பேர் அது. பிறகு மொத்த மக்களுக்கும் அதுவே பேராச்சு.

அந்த மரத்தோட கதை நம்ம பக்கத்துலதான் ஆரம்பிக்குது. கேரளா ஓட்டல்ல இளஞ்சிவப்பா வெந்நீர் வைப்பாங்களே, அதுல போடற பதிமுகம் ஆசிய மரம். ஐரோப்பியர் முதல்ல அதைத்தான் 'பிரேசில்'னு சொன்னாங்க. அதே சாயம் தர்ற இன்னொரு மரத்தைத் தென்னமெரிக்காவுல பார்த்ததும் அதுக்கும் அந்தப் பேரை வச்சாங்க. பேர் மரத்துல இருந்து நாட்டுக்குப் போச்சு.

3. அவங்க வாயில இருக்கிற பேரைத் தெரிஞ்சுக்கோ

ஆணுக்கு 'பிரசிலெய்ரோ', பெண்ணுக்கு 'பிரசிலெய்ரா'. இந்தப் பேர் சண்டை இல்லாம நிலைக்கலை. 1808 முதல் லண்டன்ல 'கொர்ரேயோ பிரசிலியென்சே' பத்திரிகையை நடத்தின இப்போலித்தோ ஜோசே த கோஸ்தா, அந்த மண்ணுல பிறந்தவங்களை 'பிரசிலியென்சே'ன்னு சொல்லணும்னு வாதாடினார். 'எய்ரோ' வியாபாரிக்குத்தான் பொருந்தும்ங்கிறது அவர் கட்சி. 1822ல நாடு விடுதலையாச்சு. மக்கள் வாயில நின்னது 'பிரசிலெய்ரோ'தான். 'பிரசிலியென்சே' இன்னிக்கு, 1960ல தலைநகரான பிரசிலியா நகரத்துக்காரரைக் குறிக்குது. ஒரு மக்களுக்கு எது பேர்னு முடிவு பண்றது அந்த மக்கள்தான்.

4. ஊரை வச்சு மொழியை ஊகிக்காதே

பிரேசில்காரர்கிட்ட ஸ்பானிஷ் பேசறவர்னு நினைச்சுப் பேசாதே. அதே தப்பை நாம இங்கேயும் பண்றோம். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்க வந்தவங்களை மொத்தமா 'இந்திக்காரங்க'ன்னு சொல்லிடறோம். ஒடிசாக்காரர் வீட்டுல பேசறது ஒடியா. அவங்கவங்க மொழியும் நம்ம மொழி மாதிரியே பெருமை உள்ளதுதான். தமிழுக்கு 2004ல கிடைச்ச செம்மொழி அந்தஸ்து ஒடியாவுக்கு 2014லயும், வங்க மொழிக்கும் அசாமிய மொழிக்கும் 2024லயும் கிடைச்சுது.

5. ஊரையும் தொழிலையும் குழப்பாதே

பிரேசில்ல தொழில் பேர் மக்கள் பேராச்சு. நம்ம தெருவுல நடந்தது தலைகீழ். கூர்க்காங்கிறது நேபாளத்துல இருக்கிற ஓர் ஊரோட பேர்ல இருந்து வந்தது. நாம ராத்திரி காவல்காரர் எல்லாரையும் 'கூர்க்கா'ங்கறோம். அவர் அசாம்காரரா இருக்கலாம், ஆந்திராக்காரரா இருக்கலாம். வேலையைச் சொல்லணும்னா 'வாட்ச்மேன்'னு சொல்லு, ஆளைக் கூப்பிடணும்னா பேரைச் சொல்லு.

6. 'வடக்கன்' நம்ம வீட்டுல வேண்டாம்

அந்தச் சொல்லுல திசை மட்டும் இல்லை, இளக்காரமும் இருக்கு. வடக்கே போன தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லாரையும் ஒரே மூட்டையா 'மதராஸி'ன்னு சொன்னப்போ நமக்கு வலிச்சுது. அந்த வலி தெரிஞ்ச நாமே இன்னொருத்தருக்கு அதைத் தரக் கூடாது. பீகார்காரர், ஜார்கண்ட்காரர், வங்காளின்னு உள்ளபடி சொல்லு. பிள்ளைங்க காதுல விழுற மாதிரி சொல்லு. அவங்க பள்ளிக்கூடத்துல அதே வார்த்தையைத்தான் பேசுவாங்க.

7. தெரியலைன்னா கேட்டுடு

"உங்க ஊரு எதுங்க?"ன்னு கேட்கிறதுல தப்பே இல்லை. மாநிலத்தோட நிறுத்தாம மாவட்டத்தையும் கேளு. 'எந்த மாவட்டம்?'னு யாராவது கேட்டா நம்ம முகம் மலருதே, அவங்களுக்கும் அப்படித்தான்.

இன்னிக்கு ராத்திரியே புராஜெக்ட்ல 'பிரேசிலியர்கள்'னு திருத்தச் சொல்லு. ஒரு எழுத்து மாத்தினதுல என்ன வந்துடப்போகுதுன்னு அவ கேட்டா, 'ன்' போய் 'ர்' வந்தா மரியாதை வரும்னு சொல்லு. நாளைக்குக் காலையில உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனோட பேரையும் ஊரையும் நீ கேட்டு வை.