எல்லாப் பிழைகளும் உடைந்த ஊசிகள் அல்ல

– பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

ஒரு வேலையைப் பிழையில்லாமல் செய்து முடிக்க வேண்டும் என்ற விருப்பம் நல்ல விருப்பம். அது இல்லாவிட்டால் கணக்கில் விடை வராது. கோலத்தில் புள்ளிகள் சேரா. தைத்த பனியனில் தோள் பொருந்தாது. ஆனால் அதே விருப்பம் அளவு மீறும்போது, நம்மை நாமே அடித்துக்கொள்ளும் சாட்டையாக மாறிவிடுகிறது. 96 மதிப்பெண் பெற்றும் விடைத்தாளை மறைத்து வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு சொல் அடிபட்டுப் போனதற்காக முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுபவர்கள் உண்டு. தவறாகிவிடுமோ என்று அஞ்சி, விடை தெரிந்தும் கை உயர்த்தாதவர்கள் உண்டு. 'நான் எதற்கும் உதவாதவள்' என்று எண்ணி இரவில் தலையணையை நனைப்பவர்களும் உண்டு. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க இந்த வருத்தமும் வளர்கிறது. இதிலிருந்து மீளும் வழியை நம் திருப்பூரின் தொழிலே நமக்குக் கற்றுத்தருகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செக்கிங் டேபிளில் ஒரு பாடம்

நம் பள்ளியில் பலருடைய தாய் தந்தையர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற சொற்களைக் கேட்டே நாம் வளர்ந்தோம். பல நாடுகளுக்குப் பனியன் அனுப்பும் ஊர் நம்முடையது. தரம் என்றால் என்ன என்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊர், குறைகளை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்போம்.

முதலில் துணியைச் சோதிக்கிறார்கள். கீழிருந்து வெளிச்சம் விழும் மெஷினில் துணி ஓடும். கண் பழகியவர்கள் ஓட்டையையும் கறையையும் ஊசிக்கோட்டையும் கண்டு குறித்துக்கொள்வார்கள். இதற்கு நான்கு புள்ளி முறை என்று ஒரு முறை உண்டு. குறையின் நீளம் 3 அங்குலம் வரை இருந்தால் 1 புள்ளி. 3க்கு மேல் 6 அங்குலம் வரை 2 புள்ளி. 6க்கு மேல் 9 அங்குலம் வரை 3 புள்ளி. 9 அங்குலத்தைத் தாண்டினால் 4 புள்ளி. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிகளுக்குள் இருந்தால் துணியை ஏற்றுக்கொள்வது பரவலான வழக்கம். இதில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு கஜத்தில் எத்தனை குறைகள் இருந்தாலும், அந்தக் கஜத்துக்கு 4 புள்ளிக்கு மேல் போடக்கூடாது. துணிக்குக்கூடத் தண்டனைக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு தவறான விடைக்காக நாம் நமக்கு இடும் புள்ளிகளுக்கு எல்லையே இல்லை!

தைத்து முடித்த சரக்கையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 5,000 பனியன்கள் கொண்ட ஓர் ஆர்டரில், பொதுவாக வழங்கும் அட்டவணைப்படி 200 பனியன்களை எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். என்று கம்பெனிகளில் சொல்லும் 'ஏற்கத்தக்க தர அளவு' 2.5 என்று இருந்தால், அந்த 200இல் பெரிய குறையுள்ளவை 10 வரை இருக்கலாம். 11 ஆகிவிட்டால் சரக்கு நிறுத்தப்படும். தரத்தில் கண்டிப்பான வியாபாரிகள்கூட 'குறையே இருக்கக் கூடாது' என்று கேட்பதில்லை. 'எவ்வளவு குறை, எப்படிப்பட்ட குறை' என்றே கேட்கிறார்கள்.

மூன்று வகைக் குறைகள்

எல்லாக் குறைகளையும் அவர்கள் ஒன்றாக எண்ணுவதில்லை. பிசிறு வெட்டாமல் விட்ட நூல் ஒரு சிறிய குறை. தையல் விட்டுப்போன தோள் ஒரு பெரிய குறை. மூன்றாவது வகை, உடுத்துபவருக்கே ஆபத்தான குறை. உடைந்த ஊசியின் துண்டு துணிக்குள் தங்கிவிட்டால் அது ஒரு குழந்தையின் உடம்பில் குத்திவிடும். அதற்கு மட்டும் மன்னிப்பில்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் சேர்த்த பிறகே புது ஊசி தர வேண்டும் என்பது ஏற்றுமதிக் கம்பெனிகளின் விதி.

தோழியரே, நாம் செய்யும் தவறு இங்கேதான் இருக்கிறது. பிசிறையும் உடைந்த ஊசியையும் நாம் ஒரே கண்ணால் பார்க்கிறோம். வரைபடத்தில் ஆற்றின் பெயரை மாற்றி எழுதியதும், ஒருவருக்குத் தீங்கு செய்ததும் நமக்கு ஒன்றாகத் தோன்றுகிறது. பொய் சொல்வது, பிறரை ஏமாற்றுவது, எளியவரை இகழ்வது ஆகியவை உடைந்த ஊசிகள். அவற்றில் கண்டிப்பு வேண்டும். கூட்டலில் ஒரு பிழை, எழுத்தில் ஒரு கோணல், பேச்சுப் போட்டியில் ஒரு தடுமாற்றம் ஆகியவை பிசிறுகள். வெட்டிவிட்டுப் போக வேண்டியவை.

இன்னொன்றையும் பாருங்கள். செக்கிங் செய்யும் அக்கா பனியனில் குறையைக் கண்டால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிறு ஸ்டிக்கர் ஒட்டுகிறார். குறை இருக்கும் இடத்தை அது காட்டுகிறது. பனியன் தையலுக்குத் திரும்பிப் போய்ச் சரியாகி வருகிறது. 'இது கெட்ட பனியன்' என்று யாரும் அதன் மேல் எழுதுவதில்லை. எழுதினால் தைப்பவருக்கு எந்த இடத்தைத் திருத்துவது என்றே தெரியாது. 'எனக்குக் கணக்கே வராது' என்பதும் அப்படி எழுதுவது போன்றதுதான். 'இருபடிச் சமன்பாட்டில் குறி மாற்றும்போது தவறுகிறது' என்பது ஸ்டிக்கர் ஒட்டுவது. முன்னது அழவைக்கும், பின்னது திருத்தும்.

இந்தக் கடுமை எங்கிருந்து வருகிறது?

கனடா நாட்டு உளவியல் அறிஞர்களான பால் ஹியூவிட், கார்டன் ஃபிளெட் இருவரும் 1991இல் இதனை ஆராய்ந்து மூவகையாகப் பிரித்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது மற்றொன்று. உலகம் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறது என்று நம்புவது மூன்றாவது. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை சோதிக்கப்பட்ட 40,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களின் விடைகளை ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். மூன்று வகையும் வளர்ந்திருந்தன. அவற்றுள் மூன்றாவதே மிகுதியாக வளர்ந்திருந்தது. ஆகவே இந்தத் துன்பம் நம் ஒருவரின் பலவீனத்தால் மட்டும் வருவதன்று. சுற்றியுள்ளோரின் பார்வையும் அதில் கலந்திருக்கிறது.

நம் மாநிலம் இதை உணர்ந்து நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் முதல் மூன்று இடம் பெற்றோரின் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்தது. 2017 மே மாதத்தில் தமிழக அரசு அதனைக் கைவிட்டது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். அரசு பட்டியலை நிறுத்திவிட்டது; நம் மனத்துக்குள் ஓடும் பட்டியலை நாம்தான் நிறுத்த வேண்டும்.

இருவர் வாழ்வு

நமக்கு அண்மையில் உள்ள ஈரோட்டில் 1887 டிசம்பர் 22இல் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்பு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. ஆயினும் நோட்டுப் புத்தகத்தில் கணிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 'அப்படியானால் நானும் ராமானுஜன் ஆக வேண்டும்' என்று எண்ணினால் பழைய சாட்டையையே மறுபடி கையில் எடுத்தவர்களாவோம். தேர்வுத்தாள் நம்மில் ஒரு பகுதியை மட்டுமே அளக்கிறது என்பதே அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

மற்றொருவர் நாம் சிறுமலர் என்று அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாள். 1885இல், 12 வயதில், கன்னியர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எதைச் செய்தாலும் எதை நினைத்தாலும் பாவமாகிவிடுமோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அது அவரை வாட்டியது. இத்தகைய அச்சத்துக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் பெயரின் பொருள் 'கூரான சிறு கல்' என்பதாகும். செருப்புக்குள் புகுந்த சிறு கல் எப்படி ஒவ்வோர் அடியிலும் குத்துமோ, அப்படிக் குத்தும் எண்ணம் அது. தெரேசா அதனைத் தனக்குள்ளேயே பூட்டி வைக்கவில்லை. மூத்த அக்காள் மரியிடம் ஒவ்வொன்றையும் சொல்லி ஆறுதல் பெற்றார். பிற்காலத்தில், சிறு செயல்களை அன்போடு செய்து, தன் பலவீனத்தோடேயே இறைவனை நம்பும் வழியை உலகுக்குக் காட்டினார். அவரைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக அறிவித்தது.

நாம் செய்யத் தக்கவை

ஒன்று: பிழையை வகைப்படுத்துவோம். விடைத்தாள் வந்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து வருந்துவதற்கு முன், ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் போடுவோம். 'கவனக்குறைவு', 'பாடம் புரியவில்லை', 'நேரம் போதவில்லை' என்று எழுதி, ஒவ்வொரு பிழையையும் உரிய கட்டத்தில் சேர்ப்போம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டு: வருத்தத்துக்கு எல்லை வைப்போம். நான்கு புள்ளிக்கு மேல் இல்லை! பிழையைத் திருத்தி ஒரு முறை சரியாக எழுதிய பின் நோட்டை மூடிவிடுவோம்.

மூன்று: பக்கத்தைக் கிழிக்காமல் இருக்கப் பழகுவோம். தவறிய சொல்லை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுதுவோம். கிழித்துக் கிழித்து எழுதுபவருக்குத் தேர்வு அறையில் நேரம் காத்திருக்காது.

நான்கு: தோழியிடம் பேசுவது போல் நம்மிடமும் பேசுவோம். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவள் 70 வாங்கினால் 'நீ ஏன் உயிரோடு இருக்கிறாய்?' என்று நாம் கேட்பதில்லை. 'எந்தக் கேள்வி போயிற்று, வா பார்க்கலாம்' என்கிறோம். அந்தக் குரலில் பாதியையாவது நமக்கு நாமே கொடுப்போம்.

ஐந்து: சொல்லிவிடுவோம். அம்மாவிடம், அக்காவிடம், வகுப்பாசிரியையிடம், சிஸ்டரிடம் என்று யாரேனும் ஒருவரிடம் சொன்னால் பாரம் குறையும். உறக்கமும் உணவும் பிடிக்காமல் போனாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலோ, அன்றே சொல்லிவிட வேண்டும். அது பிசிறு அல்ல. தனியாகத் தேடி எடுக்கவும் முடியாது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய 'டெலி மனஸ்' உதவி எண் 14416, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 என்ற எண்ணும் உண்டு. மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய 'சினேகா' அமைப்பும் இத்தகைய துயரத்தில் இருப்போருக்குச் செவி கொடுத்து வருகிறது. பொதுத்தேர்வில் தவறினாலும் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்பதையும் மறவாதிருப்போம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பும் அம்மாவுக்கு, மகள் தன்னைப் போல் பவர் டேபிளில் குனிந்து முதுகு வலிக்க உட்காரக் கூடாது என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசையை நாங்கள் அறிவோம். அதற்குத் தலை வணங்குகிறோம். ஆனால் 96 வாங்கி வரும் பிள்ளையிடம் 'மீதி நான்கு எங்கே?' என்று கேட்கும்போது, அவளுக்கு அந்த நான்கு மட்டுமே கேட்கிறது. முதலில் 96ஐப் பற்றி இரண்டு சொல் சொல்லிவிட்டு, பிறகு அந்த நான்கை அவளோடு சேர்ந்து தேடுங்கள். நாள் முழுதும் பிறர் கண் தங்கள் தையல் மேல் இருப்பது எப்படி இருக்கும் என்பதைத் தங்களைவிட அறிந்தவர் யார்?

முடிவுரை

தரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கவனமாகப் படிப்போம், அழகாக எழுதுவோம், தவறைத் திருத்துவோம். ஆனால் தன்னைத் தானே வதைத்துக்கொள்வது கவனமும் ஆகாது, பணிவும் ஆகாது. தவறு கண்டால் ஏச்சு விழும் இடத்தில் குறையை மறைத்து அனுப்பத் தோன்றும். திருத்திக்கொள்ள வழியிருக்கும் இடத்தில்தான் அது வெளியே வரும். நம் மனத்தின் செக்கிங் டேபிளில் நாமே உட்கார்ந்திருக்கிறோம். ஸ்டிக்கர் நம் கையில் இருக்கிறது. அதைப் பிழையின் மேல் ஒட்டுவோம். நம் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். மனத்தெளிவோடு தேர்வு எழுதச் செல்லும் தோழியர் அனைவருக்கும் எங்கள் வாழ்த்துகள்!