மீண்டும் வந்த மார்பகப் புற்றுநோயுடன் வாழ்தல்

மார்பகப் புற்றுநோய், சிகிச்சை முடிந்து பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வருவதுண்டு. அறுவை செய்த மார்பிலோ தழும்பை ஒட்டியோ வரலாம். அக்குளிலும் காறையெலும்பின் அருகிலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் வரலாம். எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கும் பரவலாம். எலும்பில் கண்டாலும் அது மார்பகப் புற்றுநோயே, மருந்தும் அதற்குரியதே. ஹார்மோன் ஏற்பி உள்ள வகை 10, 15 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். முதல் சிகிச்சைக்குத் தப்பிய சில செல்கள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து பிறகு பெருகுகின்றன. எதைச் சாப்பிட்டதால் வந்தது, எந்தக் கவலையால் வந்தது என்று நோயாளி தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மார்போடு நின்ற நோயை முழுதாகக் குணப்படுத்த முயல்வதுண்டு. மற்ற உறுப்புகளுக்குப் பரவியதை அடக்கி வைத்து, நாட்களை நல்லபடியாக நீட்டுவதே பெரும்பாலும் குறிக்கோள். முதல் தடவை “இத்தனை கீமோ, இத்தனை நாள் கரண்ட் (கதிர்வீச்சு)” என்று ஒரு கணக்கு இருந்தது. இப்போது ஒரு மருந்து கேட்கும்வரை அது, கேட்காதபோது அடுத்தது. முடிவுத் தேதி இல்லாத இந்தச் சிகிச்சைக்கு மனம் பழகச் சில மாதங்கள் பிடிக்கும்.

முடிந்த இடத்திலெல்லாம் புதிதாக பயாப்ஸி எடுப்பது முக்கியம். ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதத்தின் நிலையும் முதல் கட்டியில் இருந்ததுபோலவே இருக்க வேண்டும் என்பதில்லை. அவை மாறினால் மருந்தும் மாறும். பழைய பயாப்ஸி அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, வாங்கிய மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, மேலே ஒரு பக்கச் சுருக்கம் வைத்த ஃபைல் பெரிய உதவி. எந்த டாக்டரிடம் போனாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.

ஹார்மோன் வகைக்குப் பலருக்கும் லெட்ரோசோலுடன் பால்போசிக்லிப் தரப்படுகிறது. இந்தியாவில் 2023-இல் பால்போசிக்லிப்பின் காப்புரிமை முடிந்து, விலை குறைந்த மாற்று மருந்துகள் வந்துவிட்டன. பால்போசிக்லிப்பை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். லெட்ரோசோலை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அந்த 7 நாளில் இரண்டையும் சேர்த்து விட்டுவிடும் தவறு எளிதில் நேரும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே இரண்டு மாத்திரைகளையும் இரண்டு நிற மையில் குறித்து வந்தால், எதை எப்போது விட்டோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். பால்போசிக்லிப் வெள்ளணுக்களைக் குறைப்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். கஷாயம், லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசிக்கு முன்பே பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது நல்லது. பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையல்ல. எங்கே, எப்போது, பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதிக் காட்டினால் மருந்தின் அளவைச் சரிசெய்வது எளிது. எலும்பு வலிக்குச் சில சமயம் ஒரே நாள் கரண்ட் வைத்தாலே போதும். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறி அது. வலிநிவாரண மருத்துவம் கடைசி நாட்களுக்கானது மட்டும் என்பது தவறான எண்ணம். சிகிச்சை தொடங்கும்போதே அதையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு நடமாட்டமும் தூக்கமும் மிஞ்சுகின்றன.

ஸ்கேனுக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்கள் கொடியவை. ஸ்கேன் தேதி வாங்கும்போதே டாக்டரைப் பார்க்கும் தேதியையும் வாங்கிவிட்டால் காத்திருப்பு சுருங்கும். டாக்டரின் அறையில் சொல்வது பாதி காதில் ஏறாது. கேள்விகளை எழுதிக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துப்போக வேண்டும்.

வீட்டில் பலர் நோயாளிக்குத் தெரியாமல் ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் கதவுக்கு வெளியே கிசுகிசுப்பதைப் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்துவிடும். பிறகு அவரும் நடிக்க, ஒரே வீட்டில் எல்லாரும் தனித்தனியாக அழுகிறார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டால் பணம், வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்தே முடிவுசெய்யலாம். மருந்துகள் கேட்காமல் போனால் எதுவரை சிகிச்சை வேண்டும், எங்கே இருக்க விருப்பம் என்பதையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே அவர் வாயால் கேட்டுவைத்தால், பின்னால் அந்தப் பாரம் யார் தலையிலும் தனியாக விழாது.